இடைமுகத் தானியங்கிச் சோதனைக்கு எந்த நிரல்மொழி?

ஒரு செயலியின் பயனர் இடைமுகத்தை, அதாவது பயனர் பார்த்துச் சொடுக்கும் திரையை, தானியங்கியாகச் சோதிக்கலாம் என்று ஓர் அணி முடிவெடுத்ததும் எழும் முதல் கேள்வி, சோதனைகளை எந்த நிரல்மொழியில் எழுதுவது என்பதுதான். ஜாவா தெரிந்தவர் ஜாவா என்பார், பைத்தான் தெரிந்தவர் பைத்தான் என்பார். வேகம், எளிமை, ஆள் கிடைப்பது என்று இரு தரப்பிலும் காரணங்கள் அடுக்கப்படும். சோதனை நிரல் மற்ற நிரல்களிலிருந்து வேறுபடும் ஓர் இடம் இந்த விவாதத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் சோதனையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அது தவறும் நாளில்தான், வெளியீடு தள்ளிப்போகும் நெருக்கடியில், அதை எழுதாத ஒருவர் அதைப் படிக்க நேர்கிறது. அந்த ஒருவர் யார் என்று தெளிவாகிவிட்டால் மொழியைப் பற்றிய குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி, சோதனைக் கருவி செயலியை எந்த இடத்தில் நின்றுகொண்டு இயக்குகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டாவதை முதலில் பார்ப்பது வசதி, ஏனெனில் சில சூழல்களில் தேர்வுக்கே இடமில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

உலாவியைத் தானாக இயக்கிச் சோதிக்க உதவும் செலீனியம் என்ற கருவியின் வரலாறு இதற்கு நல்ல விளக்கம். 2004-இல் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் அதைத் தொடங்கியபோது, அது உலாவிக்குள்ளேயே ஓடும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக இருந்தது. (அன்றைய வணிகச் சோதனைக் கருவிகளில் முன்னணியில் இருந்த நிறுவனத்தின் பெயரில் மெர்க்குரி, அதாவது பாதரசம், இருந்தது, பாதரச நச்சுக்கு முறிவு செலீனியம் என்ற கேலியிலிருந்துதான் பெயர் பிறந்தது.) உலாவிக்குள் ஓடியதால், ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் பக்கத்தைத் தொடக்கூடாது என்ற பாதுகாப்பு விதி அதற்கும் பொருந்தியது. அதைச் சுற்றிக்கொண்டு போக, இடையில் ஒரு பதிலிச் சேவையகத்தை (ப்ராக்ஸி) வைக்கும் ஏற்பாடு வந்தது. பின்னர் சைமன் ஸ்டூவர்ட் உருவாக்கிய வெப்டிரைவர் வேறு வழியில் போனது: உலாவியை வெளியிலிருந்தே, அந்தந்த உலாவிக்கான இயக்கி வழியாகக் கட்டளையிட்டு நடத்துவது. 2011-இல் வந்த செலீனியம் 2 இவ்விரண்டையும் இணைத்தது. 2018 ஜூன் மாதத்தில் வெப்டிரைவர் நெறிமுறை, உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாகவே ஆகிவிட்டது.

நிரல்மொழியைத் தேர்பவருக்கு இதனால் கிடைத்த விடுதலை பெரிது. வெப்டிரைவரில் 'இந்தப் பொத்தானைக் கண்டுபிடி', 'அதைச் சொடுக்கு' என்ற ஒவ்வொரு கட்டளையும் ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் ஒரு எச்டிடிபி கோரிக்கையாகப் போகிறது. மறுமுனையில் இருக்கும் உலாவிக்கு, கோரிக்கையை அனுப்பியது ஜாவாவா ரூபியா என்பது தெரியவே தெரியாது. ஆகவே ஜாவா, பைத்தான், சி ஷார்ப், ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய ஐந்துக்கும் செலீனியம் திட்டமே நூலகங்களை வெளியிடுகிறது. ஜாவா நூலகத்தைக் கோட்லின் மொழியிலிருந்தும் அப்படியே அழைக்கலாம். கைபேசிச் செயலிகளுக்கான அப்பியமும் இதே நெறிமுறையைப் பின்பற்றுவதால், அங்கும் சேவையகம், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் எழுதப்பட்டிருந்தாலும் சோதனைகளைப் பல மொழிகளில் எழுதலாம்.

உள்ளே நின்று வேலை செய்யும் கருவிகளின் நிலை வேறு. சைப்ரஸ் என்ற கருவி தன் சோதனை நிரலை உலாவிக்குள், சோதிக்கப்படும் பக்கத்தின் அருகிலேயே ஓட்டுகிறது. உலாவிக்குள் ஓடுவதற்கு ஜாவாஸ்கிரிப்டாகவோ, அதுவாக மாற்றப்படும் டைப்ஸ்கிரிப்டாகவோ இருக்க வேண்டும்; இது அக்கருவியை உருவாக்கியவர்களின் பிடிவாதத்தால் வந்ததல்ல, கட்டமைப்பிலிருந்தே வருவது. இதற்குக் கிடைக்கும் பலன், செயலியின் உள்நிலையை நேரடியாகப் பார்க்க முடிவது. கொடுக்கும் விலை, வேறு தளத்துக்குத் தாவி நுழைவுச் சான்று பெற்றுத் திரும்புவது போன்ற சோதனைகளில் செலீனியத்தின் ஆரம்பகாலச் சிக்கலே மீண்டும் தலைகாட்டுவது. அதற்கென ஒரு தனிக் கட்டளையைப் பிற்காலத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டின் சோதனைக் கருவியான எஸ்பிரெஸ்ஸோவும் இவ்வகையே. அது செயலியோடு ஒன்றாக ஓடுவதால், திரையை வரையும் முதன்மைத் திரெட் (நிரலுக்குள் ஓடும் ஓர் இழை) ஓய்ந்துவிட்டதா என்பதை அறிந்து அடுத்த படிக்குப் போகிறது. அதனால் ஜாவாவோ கோட்லினோதான். ஆப்பிளின் எக்ஸ்சியுஐடெஸ்ட் செயலிக்கு வெளியே தனி ப்ராசஸாக (தனியே இயங்கும் நிரலாக) ஓடினாலும், ஆப்பிளின் நிரலாக்கச் சூழலான எக்ஸ்கோடுடன் பின்னிப் பிணைந்திருப்பதால் ஸ்விஃப்டையோ ஆப்ஜெக்டிவ் சியையோ கேட்கிறது. ஃப்ளட்டர் என்ற செயலி உருவாக்கச் சட்டகம் என்றால் டார்ட் மொழி. இவற்றில் ஒன்று வேண்டும் என்று தீர்மானித்தால் மொழியும் கூடவே தீர்மானமாகிவிடுகிறது.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு வகை உண்டு. பலர் ஏமாறுவது அங்கேதான். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் வெளியிட்ட பிளேரைட் என்ற கருவி, இன்று ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், ஜாவா, சி ஷார்ப் ஆகியவற்றில் கிடைக்கிறது. ஆயினும் உலாவியோடு பேசும் உட்கரு நோட் ஜேஎஸ்ஸில்தான் உள்ளது. பைத்தான் சோதனை ஒன்று ஓடும்போது பின்னணியில் அந்த உட்கரு தொடங்கப்பட்டு, பைத்தான் நூலகம் அதனோடு பேசுகிறது. உலாவியை இயக்கும் கட்டளைகள் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சோதனைகளைத் திரட்டி இணையாக ஓட்டுவது, தவறியதை மீண்டும் முயல்வது, அறிக்கை தயாரிப்பது, ஒவ்வொரு படியையும் திரையில் பின்னோக்கிப் பார்க்க உதவும் ஊடாட்டச் சூழல் ஆகியவற்றை ஒருங்கே தரும் சோதனை ஓட்டி, ஜாவாஸ்கிரிப்டுக்கும் டைப்ஸ்கிரிப்டுக்கும் மட்டுமே உரியது. பைத்தானில் பைடெஸ்டையும், ஜாவாவில் ஜேயூனிட்டையோ டெஸ்ட்என்ஜியையோ துணைக்கு அழைத்து அந்த இடத்தை நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். பைடெஸ்ட் மிகத் திறமையான ஓட்டி என்பதால் பைத்தான்காரர்களுக்கு இது பெரிய இழப்பில்லை. ஆனாலும் ஒரு கருவி நான்கு மொழிகளை ஆதரிக்கிறது என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, நான்கும் ஒரே தட்டில் இருக்கின்றனவா என்று ஆவணங்களைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. புதிய வசதி எந்த மொழிக்கு முதலில் வருகிறது, எடுத்துக்காட்டுகள் எந்த மொழியில் எழுதப்பட்டுள்ளன என்பதிலேயே கருவியின் தாய்மொழி தெரிந்துவிடும்.

வேகத்தைப் பற்றிய வாதத்தை விரைவில் முடித்துவிடலாம். ஜாவா பைத்தானைவிட வேகமாகக் கணக்கிடும் என்பது உண்மை; இடைமுகச் சோதனையில் கணக்கீடே இல்லை என்பதும் உண்மை. நேரம் முழுவதும் பக்கம் ஏறுவதிலும், சேவையகம் விடையளிப்பதிலும், அசைவூட்டம் முடிவதிலும் கரைகிறது. சோதனை நிரல் பெரும்பாலும் காத்துக்கொண்டிருக்கிறது, காத்திருப்பதில் எல்லா மொழிகளும் சம வேகம் உடையவை. வழக்கமான பைத்தானில் ஒரே நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே ஓட முடியும் என்ற உட்பூட்டைச் சுட்டிக்காட்டுபவர்களும் உண்டு. வலையமைப்பின் விடைக்காகக் காத்திருக்கும்போது அந்தப் பூட்டு விடுவிக்கப்படுகிறது, போதாக்குறைக்குப் பைடெஸ்டில் இணையோட்டத்துக்கு வழக்கமாகப் பயன்படும் செருகுநிரல் தனித்தனி ப்ராசஸ்களையே தொடங்குகிறது. உண்மையில் இணையோட்டத்தில் அதிகம் தடுமாறுவது ஜாவா அணிகள்தான் என்பது என் எண்ணம்: உலாவியைச் சுட்டும் மாறியை எல்லாத் திரெட்டுகளுக்கும் பொதுவான ஒரு ஸ்டாட்டிக் மாறியாக வைத்துவிட்டு, ஒரு சோதனை மற்றொன்றின் உலாவியை மூடிவிடும் மர்மத்தை நாள் முழுவதும் துப்பறிவது அங்கே வழக்கமான காட்சி.

காத்திருப்பு என்றதும் மொழித்தேர்வு உண்மையாகவே பாதிக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். பயனர் 'சேமி' என்ற பொத்தானைச் சொடுக்கினால் 'சேமிக்கப்பட்டது' என்ற செய்தி தோன்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஜாவாவிலோ பைத்தானிலோ இதை இரண்டு வரிகளில், மேலிருந்து கீழாக எழுதலாம். முதல் வரி முடியும்வரை இரண்டாம் வரி தொடங்காது. நிரலை வாய்விட்டுப் படித்தாலே என்ன நடக்கிறது என்பது புரியும். ஜாவாஸ்கிரிப்டில் உலாவியை நோக்கிப் போகும் ஒவ்வொரு அழைப்பும் உடனே திரும்பிவிடுகிறது. அது தருவது விடையை அல்ல, விடை பின்னர் வரும் என்ற உறுதிமொழியை. அந்த உறுதிமொழி நிறைவேறும்வரை காத்திரு என்று சொல்ல, ஒவ்வொரு வரியின் முன்னும் 'அவெய்ட்' என்ற சொல்லை இட வேண்டும்.

அச்சொல்லை எங்கே மறக்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறும். சொடுக்கும் வரியில் மறந்தால் சோதனை சில நாள் தேறும், சில நாள் தவறும். சரிபார்க்கும் வரியில், அதுவும் சோதனையின் கடைசி வரியில் மறந்தால் இன்னும் மோசம்: செய்தி தோன்றியதா என்று பார்த்து முடிக்கும் முன்பே சோதனை முடிந்துவிடுகிறது. திரையில் எதுவுமே வராவிட்டாலும் அறிக்கையில் பச்சை நிறம் விழலாம். தவறும் சோதனை தொல்லை கொடுக்கிறது, அதனால் கவனிக்கப்படுகிறது. எதையும் சோதிக்காமலே தேறும் சோதனையை யாரும் சந்தேகிப்பதில்லை. டைப்ஸ்கிரிப்டில், காத்திருக்கப்படாத உறுதிமொழிகளைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு விதியை நிரல் ஆய்வுக் கருவியில் இயக்கிவைக்கலாம். இடைமுகச் சோதனையை அம்மொழியில் எழுதும் அணிக்கு இது விருப்பத்தைப் பொறுத்த ஒன்றாக இருக்கக்கூடாது. முதல் நாளிலேயே இயக்கப்பட்டு, அதை மீறும் நிரல் அணியின் பொது நிரலோடு இணைக்க ஏற்கப்படாத நிலை இருக்க வேண்டும்.

இந்தச் சுமையை மறைக்கக் கருவிகள் செய்த முயற்சிகளும் பாடமானவை. செலீனியத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் முன்பு கட்டளைகளை ஒரு வரிசையில் சேர்த்துவைத்து, ஒரு வரி முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் ஒத்திசைவான நிரல்போலத் தோன்றும்படி ஓட்டியது. மொழியிலேயே 'அவெய்ட்' வந்துவிட்ட பிறகு, இரண்டும் கலக்கும்போது பிழைதேடுவது கடினமாகி, அந்த வரிசை முறையே நீக்கப்பட்டது. சைப்ரஸ் இன்றும் வரிசை முறையையே வைத்திருக்கிறது. தொடக்கத்தில் படிக்க இனிமையாக இருக்கும். ஆனால் திரையில் கண்ட ஒரு மதிப்பை மாறியில் வாங்கி அடுத்த வரியில் பயன்படுத்த முயலும் புதியவர், அது அப்படி வேலை செய்யாது என்று அறியும்போது, தான் எழுதுவது பார்வைக்கு மட்டுமே வழக்கமான ஜாவாஸ்கிரிப்ட் என்பதை உணர்கிறார். பிளேரைட்டின் பைத்தான் நூலகம் ஒத்திசைவான வடிவம், ஒத்திசைவற்ற வடிவம் இரண்டையும் தருகிறது. சோதனை எழுதுபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முதலாவதே போதும்.

வகைக்கட்டுப்பாட்டின், அதாவது எந்த இடத்தில் எந்த வகைத் தரவு வரலாம் என்பதை ஓட்டும் முன்பே சரிபார்ப்பதன், பயன் சோதனைகளின் எண்ணிக்கையோடு வளர்கிறது. பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ் எழுதி, அதன் பொத்தான்களையும் உள்ளீட்டுப் பெட்டிகளையும் அதற்குள் வைத்து, சோதனைகள் அந்தக் கிளாஸின் வழியாகவே பக்கத்தைத் தொடுவது இத்துறையில் நிலைபெற்ற பழக்கம். முப்பது சோதனைகள் இருக்கும்போது எந்த மொழியிலும் இதைக் கண்ணால் பார்த்தே பராமரிக்கலாம். அறுநூறு சோதனைகள் இருக்கும்போது, உள்நுழைவுப் பக்கத்தின் ஒரு செயற்கூற்றுக்குக் கூடுதலாக ஓர் உள்ளீடு தேவைப்பட்டால், ஜாவாவும் சி ஷார்ப்பும் டைப்ஸ்கிரிப்டும் பாதிக்கப்பட்ட எல்லா இடங்களையும் ஓட்டுவதற்கு முன்பே காட்டிவிடும். வகைக் குறிப்பு எழுதப்படாத பைத்தானில், இரவு முழுவதும் ஓடிய சோதனைத் தொகுதி காலையில் சொல்லும். இடைமுகச் சோதனைகள் மெதுவாக ஓடுபவை என்பதால் இந்த வேறுபாடு மற்ற இடங்களைவிட இங்கே அதிகம் வலிக்கும். பைத்தானிலும் வகைக் குறிப்புகள் எழுதலாம், அவற்றைச் சரிபார்க்கும் கருவிகளும் உள்ளன; ஆனால் அதை விடாது செய்யும் ஒழுங்கு அணியிடம் இருக்க வேண்டும்.

இப்போது, தவறிய சோதனையைப் படிப்பவர் யார் என்ற கேள்வி. இணையச் செயலியின் முன்புறத்தை (உலாவியில் ஓடும் பகுதியை) எழுதும் நிரலாளர்களே சோதனைகளையும் பராமரிப்பார்கள் என்றால், அவர்கள் அன்றாடம் எழுதும் டைப்ஸ்கிரிப்டில் சோதனைகள் இருப்பதே சரி. பொத்தானின் அடையாளத்தை மாற்றும் நிரலாளர், அதே மாற்றத்தோடு சோதனையையும் திருத்தி ஒரே இணைப்புக் கோரிக்கையாக அனுப்ப முடியும். சோதனைகள் ஜாவாவில் வேறொரு களஞ்சியத்தில் இருந்தால், அவர் அதைத் தொடமாட்டார். தொடத் தெரியாது என்பது பாதிக் காரணம், அது தன் பொறுப்பல்ல என்ற எண்ணம் மறுபாதி. மறுநாள் சோதனை தவறும், சோதனைக் குழுவில் ஒருவர் காரணத்தைத் தேடி, 'அடையாளம் மாறியிருக்கிறது' என்ற எளிய விடையைப் பகல் முழுவதும் செலவிட்டுக் கண்டடைவார்.

ஆனால் செயலி எந்த மொழியோ அதே மொழியில்தான் சோதனையும் இருக்க வேண்டும் என்பதை விதியாக்கிவிடவும் முடியாது. தனிச் சோதனைக் குழு ஒன்று பல செயலிகளுக்குப் பொதுவாக இயங்கி, அதன் உறுப்பினர்கள் பல ஆண்டுகளாக ஜாவாவில் தேர்ந்தவர்களாக இருந்தால், முன்புறம் டைப்ஸ்கிரிப்டில் இருக்கிறது என்பதற்காக அவர்களை மாற்றுவது நட்டக்கணக்கு. செயலி ரஸ்ட்டிலோ சி பிளஸ் பிளஸ்ஸிலோ எழுதப்பட்டிருந்தால், செலீனியம் திட்டமோ பிளேரைட்டோ அவற்றுக்கு நூலகம் வெளியிடுவதில்லை என்பதாலேயே வேறு மொழியைத் தேட வேண்டும். மேலும், ஒரு முழுச் சோதனை திரையைச் சொடுக்குவதோடு முடிவதில்லை: தரவுத்தளத்தில் முன்னேற்பாடாகத் தரவை இடுவது, பதிவிறங்கிய கோப்பைப் பிரித்துப் பார்ப்பது, படங்களை ஒப்பிடுவது, சில இடங்களில் வன்பொருளுடன் பேசுவது என்று திரைக்கு வெளியே நடக்கும் வேலை ஏராளம். இப்படிப்பட்ட ஒட்டுவேலைகளுக்குப் பைத்தானுக்கு நிகர் இல்லை என்றே சொல்வேன். சோதனையின் பாதிக்குமேல் திரைக்கு வெளியே நடக்கும் திட்டங்களில், முன்புற மொழியோடு ஒத்துப்போவதைவிட இதுவே முக்கியம்.

நிரலாளர் அல்லாதவர்களும் சோதனை எழுத வேண்டும் என்ற விருப்பம் இத்துறையில் தொடக்கத்திலிருந்தே உண்டு. மெர்க்குரியின் குயிக்டெஸ்ட் புரொபஷனல் என்ற கருவி, மைக்ரோசாஃப்டின் எளிய நிரல்மொழியான விபிஸ்கிரிப்டைப் பயன்படுத்தியது. நோக்கியா நெட்வொர்க்ஸில் வளர்ந்து 2008-இல் திறமூலமாக்கப்பட்ட ரோபாட் ஃப்ரேம்வொர்க், பைத்தானின் மேல் அமர்ந்து, அட்டவணை போன்ற சொற்றொடர்களாகச் சோதனையை எழுத வைத்தது. கியூகம்பர் என்ற கருவியின் சோதனை மொழியான கெர்கின் இன்னும் ஒரு படி மேலே போய், இயல்பான வாக்கியங்களை ஏற்றுக்கொண்டது. அதன் குறிச்சொற்கள் எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் உள்ளன, தமிழும் அவற்றில் ஒன்று: அம்சம், காட்சி, கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது என்று எழுதலாம். எழுதிப் பார்த்தால் சிறு நெருடல் தெரியும். நிபந்தனையைத் தமிழ் வினையின் ஈற்றில் சொல்லும், 'சொடுக்கினால்' என்பது போல. வாக்கியத்தின் தலையில் 'எப்போது' வந்து நின்றால் அது கேள்வியாகவே காதில் விழுகிறது.

இவ்வகை மொழிகளில் செலவு மறைவதில்லை, இடம்தான் மாறுகிறது. 'பயனர் உள்நுழைகிறார்' என்ற வாக்கியத்துக்குப் பின்னால் அதை நிறைவேற்றும் நிரலை யாரோ ஒரு பொதுமொழியில் எழுதித்தான் ஆக வேண்டும். தவறும்போது படிப்பவர் இரண்டு அடுக்குகளையும் கடந்து போக வேண்டும். வணிகத் தரப்பினர் அந்த வாக்கியங்களை உண்மையிலேயே படித்துத் திருத்தும் இடங்களில் இது பயனுள்ள செலவு. அவர்கள் படிப்பதே இல்லை என்றால், வாக்கிய அடுக்கை எடுத்துவிட்டு நேரடியாக நிரலில் எழுதுவது எல்லாருக்கும் நிம்மதி.

கருவிகளின் ஆயுளையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆப்பிள் தன் ஐஓஎஸ் சோதனைகளுக்கு முதலில் கொடுத்தது யுஐ ஆட்டோமேஷன் என்ற, ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்படும் கருவியை. 2015-இல் எக்ஸ்சியுஐடெஸ்ட் வந்ததும் அது கைவிடப்பட்டது. ஆங்குலர் என்ற இணையச் சட்டகத்தில் எழுதப்பட்ட செயலிகளுக்கான சோதனைக் கருவி புரோட்ராக்டர் 2023-இல் ஆதரவை இழந்தது. அதே ஆண்டு அக்டோபரில், விபிஸ்கிரிப்டையே படிப்படியாக விலக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. முதல் இரண்டிலும் மொழி நலமாக இருக்கக் கருவி மறைந்தது. மூன்றாவதில் மொழியே விலக்கப்படுகிறது. புரோட்ராக்டரில் எழுதியவர்கள் பக்க கிளாஸ்களின் உள்ளே மட்டும் கருவியின் கட்டளைகளை வைத்திருந்தால், சோதனைகளின் பெரும்பகுதியையும் சோதனைத் தரவையும் பிளேரைட்டுக்கோ, வெப்டிரைவர்ஐஓ என்ற இன்னொரு ஜாவாஸ்கிரிப்ட் கருவிக்கோ கொண்டுபோக முடிந்தது, ஏனெனில் மொழி மாறவில்லை. யுஐ ஆட்டோமேஷனில் எழுதி, ஆப்பிளின் புதிய கருவிக்கு மாறியவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டிலிருந்து ஸ்விஃப்டிலோ ஆப்ஜெக்டிவ் சியிலோ புதிதாக எழுத வேண்டியிருந்தது. ஆகவே ஒரே ஒரு கருவிக்குள் மட்டும் வாழும் மொழியைவிட, பல கருவிகள் போட்டியிடும் மொழியில் சோதனைகளை வைத்திருப்பது பாதுகாப்பு. இன்று அப்படிப்பட்டவை டைப்ஸ்கிரிப்ட், பைத்தான், ஜாவா, சி ஷார்ப் என்ற நான்குதான் என்பது என் கணிப்பு. வாட்டிர், கேப்பிபாரா, கியூகம்பர் என்று இத்துறையின் நல்ல யோசனைகள் பலவற்றுக்குத் தொட்டிலாக இருந்த ரூபியை, ரூபி அணிகளுக்கு வெளியே புதிதாகப் பரிந்துரைக்கத் தயக்கமாகவே இருக்கிறது.

இவ்வளவுக்குப் பின்னும் இரண்டு மொழிகள் எஞ்சி நின்றால், அட்டவணை போட்டு மதிப்பெண் இடுவதைவிட ஒரு சிறு முன்னோட்டம் அதிகம் சொல்லும். செயலியின் மூன்று நடைமுறைகளை, அவற்றில் ஒன்றாவது கோப்பு ஏற்றுவதையோ நீண்ட காத்திருப்பையோ உள்ளடக்கியதாக எடுத்து, இரண்டு மொழிகளிலும் எழுத வேண்டும். பிறகு செயலியில் வேண்டுமென்றே இரண்டு பிழைகளைப் புகுத்த வேண்டும்: ஒன்று பொத்தானின் அடையாளத்தை மாற்றுவது, மற்றொன்று சேவையகத்தின் விடையைச் சில விநாடிகள் தாமதப்படுத்துவது. சோதனைகளை எழுதாத ஒருவரிடம், பிற்காலத்தில் உண்மையாகவே அவற்றைப் பராமரிக்கப்போகும் ஒருவரிடம், தவறிய அறிக்கைகளை மட்டும் கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும். எந்த அறிக்கையிலிருந்து பிழை இருக்கும் வரிக்கு அவர் யாரையும் கேட்காமல் போய்ச் சேர்கிறார், தாமதத்தைச் சரிசெய்ய இத்தனை விநாடி சும்மா இரு என்னும் நிலையான உறக்கக் கட்டளையைத் திணிக்கிறாரா அல்லது முறையான காத்திருப்பு அவர் கைக்கு இயல்பாக வருகிறதா, திருத்திய பிறகு சோதனையைத் தனியாக ஓட்டிப் பார்க்க எத்தனை படிகள் ஆகின்றன என்பவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். ஒரு நாளில் முடிந்துவிடும் வேலை இது.